கைப்பேசி எவ்வளவு உழைத்திருக்கிறது?

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர் டயரைத் தடவிப் பார்க்கிறார். பழைய மோட்டார் வாங்கப் போகும் விவசாயி அதை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்கிறார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தே வயது சொல்லிவிடுகிறார்கள். பழைய கைப்பேசி வாங்கப் போகிறவர் எதைப் பார்ப்பது? கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். கீறல் இல்லையென்றால் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். அப்படிக் கொடுத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே அந்த அனுபவத்தையும், அதன்பின் நான் செய்து பார்த்த சில அளவீடுகளையும் நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதந்தோறும் வரும் ஆயிரம் ரூபாயை ஏழு மாதம் சேர்த்து வைத்தேன். அதில் 6,800 ரூபாய் கொடுத்து ராஜபாளையத்தில் ஒரு கடையில் கைமாறிய கைப்பேசி ஒன்றை வாங்கினேன். "நாலே மாசம் ஓடுன போன் தம்பி, புதுசு மாதிரி" என்றார் கடைக்காரர். பார்ப்பதற்கும் புதிது மாதிரிதான் இருந்தது. மூன்றாம் வாரம் ஒருநாள் காலை, கல்லூரிக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து தேர்வுக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றுதான் கடைசி நாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் படும் நேரம். வங்கியிலிருந்து வரவேண்டிய கடவு எண்ணுக்காகக் காத்திருந்தபோது கைப்பேசி திடீரென்று அணைந்துவிட்டது. அணையும்போது பேட்டரி 31 சதவிகிதம் காட்டியது. பக்கத்தில் நின்ற நண்பனின் கைப்பேசியால் கட்டணம் தப்பியது. ஆனால் 31 சதவிகிதம் மீதமிருக்கும்போது ஒரு கைப்பேசி ஏன் அணைய வேண்டும்? நாலு மாதம் ஓடியது என்பது உண்மையா? இவ்விரு கேள்விகளும் என்னை விடவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். அமைப்புகளுக்குள் போய் எத்தனை மணி நேரம் உபயோகிக்கப்பட்டது என்று தேடினேன். 2018-இல் வந்த ஒன்பதாம் ஆண்ட்ராய்டு முதல் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்ற பகுதி இருக்கிறது. இன்று எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தோம், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் கழித்தோம் என்பதையெல்லாம் அது சொல்லும். ஆனால் அது அண்மைக் காலக் கணக்கு. பிறந்த நாள் முதல் உள்ள கணக்கு அன்று. தவிரவும், விற்பவர் கைப்பேசியை ஆலை நிலைக்கு மீட்டமைத்த உடனே அந்தக் கணக்கு முழுவதும் அழிந்துபோகும். சிலேட்டை ஈரத்துணியால் துடைத்தது போலத்தான்! *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு சோதனைப் பட்டியல் திறக்கும் என்று சொல்வார்கள். சில கைப்பேசிகளில் திறக்கிறது, சிலவற்றில் திறப்பதில்லை. என்னுடையதில் திறக்கவில்லை. திறந்தாலும் உபயோகக் கணக்கு மீட்டமைத்த நாளிலிருந்துதான் தொடங்கும்.

இந்த விஷயத்தில் பழைய பட்டன் போன்களே மேல் என்று தோன்றுகிறது. நோக்கியாவின் சில மாதிரிகளில் *#92702689# என்று அடித்தால் அந்தக் கருவி எந்த மாதம் தயாரானது, இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் அதில் பேசியிருக்கிறார்கள் என்பவை திரையில் வந்துவிடும். அந்த விசைகளில் உள்ள எழுத்துகளைக் கூட்டிப் படித்தால், ஓர் எழுத்துக்குப் பதில் சுழியோடு, 'வாரண்டி' என்ற ஆங்கிலச் சொல் கிடைக்கும். யாரோ ஒரு பொறியாளர் ரசித்து வைத்த எண்ணாக இருக்க வேண்டும்.

ஆனால் மணிக்கணக்கு கிடைத்திருந்தாலும் என் கேள்விக்கு அது விடையாகியிருக்குமா? இதை எனக்குத் தெளிவாக்கியது என் அம்மாவின் வேலை. ராஜபாளையத்தில் 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியது முதல் நூற்பாலைகளே எங்கள் பகுதியின் பிழைப்பு. அம்மா ஓர் ஆலையில் ரிங் ஃபிரேமில் சைடராக இருக்கிறார். அந்த எந்திரத்தில் ஹேங்க் மீட்டர் என்று ஒன்று உண்டு. ஒரு ஹேங்க் என்பது 840 கஜம் நூல். முன் உருளை சுழலச் சுழல, எத்தனை ஹேங்க் நூல் ஓடியது என்பதை மீட்டர் எண்ணிக்கொண்டே போகும். ஷிப்டு முடியும்போது அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். எட்டு மணி நேரம் எந்திரம் நின்றதா ஓடியதா என்பதைக் கடிகாரம் சொல்லாது. ஹேங்க் மீட்டர் சொல்லும். "மணியப் பாத்தா என்னப்பா தெரியும்? ஹேங்க்கப் பாரு" என்றார் அம்மா. கைப்பேசியிலும் அப்படித்தான். திரை எரிந்த நேரம் கடிகாரக் கணக்கு. குறைந்த வெளிச்சத்தில் பாடம் படித்த ஒரு மணியும், முழு வெளிச்சத்தில் விளையாட்டு ஆடிய ஒரு மணியும் அதில் ஒன்றே. பேட்டரிக்கோ அவை ஒன்றல்ல.

கைப்பேசிக்குள் இருக்கும் ஹேங்க் மீட்டர் எது? பேட்டரியின் சுழற்சி எண்ணிக்கையே அது. ஒரு சுழற்சி என்றால் ஒருமுறை சார்ஜ் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. பேட்டரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்னூட்டம் செலவானால்தான் ஒரு சுழற்சி. இன்று 40 சதவிகிதம், நாளை 60 சதவிகிதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒன்று. 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்று பேட்டரியில் அச்சிட்டிருப்பதை நாம் முதலாண்டில் படித்த அலகில் சொன்னால் 18,000 கூலும். அத்தனை கூலும் வெளியேறும்போதெல்லாம் கணக்கில் ஒன்று கூடும். இதை அளப்பதற்குப் பேட்டரிப் பாதையில் ஓம்மின் ஆயிரத்தில் சில பங்கே உள்ள ஒரு மிகச் சிறிய மின்தடை வைத்திருக்கிறார்கள். அதன் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்திலிருந்து மின்னோட்டத்தைக் கண்டு, அதைக் காலத்தோடு தொகையிட்டுக்கொண்டே இருக்கிறது ஒரு சில்லு. தொகை நுண்கணிதம் எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் முணுமுணுத்த நண்பர்கள் கவனிக்க!

இந்த எண்ணிக்கை பெரும்பாலும் மீட்டமைப்பினால் அழிவதில்லை. ஐஃபோனில் 2023-இல் வந்த 15-ஆம் வரிசை முதல் அமைப்புகளிலேயே இதைப் பார்க்கலாம். பேட்டரி தயாரான மாதமும் முதலில் உபயோகித்த மாதமும் உடன் இருக்கும். ஆண்ட்ராய்டிலும் பதினான்காம் பதிப்பிலிருந்து இதற்கு வழி செய்திருக்கிறார்கள். ஆனால் காட்டுவதும் காட்டாததும் தயாரிப்பாளர் விருப்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, அங்கு விற்கும் கைப்பேசியின் பேட்டரி 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 சதவிகிதக் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும்.

என் கைப்பேசியில் திரையில் எதுவும் கிடைக்கவில்லை. கணினி அறிவியல் துறை நண்பர் ஒருவர் கைகொடுத்தார். 'பில்ட் எண்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பட்டியல் திறக்கிறது. அதில் கேபிள் வழிப் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்து, கணினியுடன் இணைத்து, பேட்டரிக் குறிப்புகளைப் படித்தோம். எல்லாக் கைப்பேசியும் இதற்கு இடம் கொடுப்பதில்லை, என்னுடையது கொடுத்தது. சுழற்சி எண்ணிக்கை 640! நாலு மாதம் என்றால் 120 நாள். நாளொன்றுக்கு ஐந்து முறைக்கு மேல் முழுப் பேட்டரியையும் காலி செய்து நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பவே ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் ஆகும் கைப்பேசி அது. நாளொன்றுக்கு ஒரு சுழற்சி என்று வைத்தால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆண்டு உழைத்த கைப்பேசி. முதல் கேள்விக்கு விடை கிடைத்தது.

ஆனால் இத்துடன் நிற்கலாகாது. ஹேங்க் மீட்டர் உழைப்பைச் சொல்லும், தேய்மானத்தைச் சொல்லாது. ரிங் ஃபிரேமில் டிராவலர் என்ற சிறு எஃகு வளையம் தேயும், அதை மாற்றுகிறார்கள். ஒரே அளவு உழைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்று நன்றாகவும் மற்றொன்று நலிந்தும் இருக்கக் கூடும். ஏன்?

இங்கே கொஞ்சம் வேதியியல் வேண்டும். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் எக்ஸான் நிறுவனத்தில் லித்தியம் அயனிகளை ஓர் அடுக்குப் பொருளுக்குள் நுழைத்து எடுக்க முடியும் என்று காட்டினார். 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் அதற்குக் கோபால்ட் ஆக்சைடைக் கண்டனர். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ எதிர்மின் முனையில் லித்தியம் உலோகத்துக்குப் பதில் கரிப்பொருளை வைத்து ஆபத்தைக் குறைத்தார். 1991-இல் சோனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. நம் பக்கத்திலும் இத்துறைக்கு ஒரு கோயில் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான் அது. லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியும் அங்கு நடக்கிறது. இங்கிருந்து சில மணி நேரப் பயணம்தான். நம் துறை சுற்றுலாக்கள் ஏனோ அருவிகளோடு நின்றுவிடுகின்றன.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய் அமர்கின்றன, செலவாகும்போது திரும்புகின்றன. போகவரப் போகவர, கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் தோன்றுகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரி வேலை செய்யாது. அது தடித்துக்கொண்டே போனாலோ லித்தியத்தைத் தின்றுவிடுகிறது. தின்ற லித்தியம் திரும்ப வராது. கொள்ளளவு குறைவதற்கு முக்கியக் காரணம் இதுவே. வெப்பம் கூடினால் இவ்வினை விரையும். பத்து டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்ற பொது விதியை நினைத்துக்கொண்டு, சித்திரை மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் சார்ஜில் போட்டுவிட்டு விளையாடும் கைப்பேசியை எண்ணிப் பாருங்கள். நூறு சதவிகிதத்திலேயே வெகு நேரம் நிறுத்தி வைப்பதும் கெடுதல். உழைக்காமல் பெட்டிக்குள் கிடந்தாலும் பேட்டரி மூப்படையும் என்பதையும் மறக்கக் கூடாது.

படலம் தடிக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது; அதுதான் பஸ்ஸில் என்னைக் கைவிட்டது. பேட்டரியின் உள்மின்தடை கூடுகிறது. வெளியில் கிடைக்கும் மின்னழுத்தம், மின்னியக்கு விசையிலிருந்து மின்னோட்டமும் உள்மின்தடையும் பெருகிய தொகையைக் கழித்தது என்பது நம் ஆய்வகக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 30 சதவிகிதத்தில் மின்னியக்கு விசை 3.7 வோல்ட் என்று கொள்வோம். அலைவரிசையைத் தேடிக்கொண்டு, திரையும் எரிந்துகொண்டு, ஒரு கணம் 2 ஆம்பியர் இழுக்கிறது. உள்மின்தடை 0.1 ஓம் ஆனால் 3.5 வோல்ட் மிஞ்சும், தொந்தரவில்லை. 0.3 ஓம் ஆகிவிட்டால் மிஞ்சுவது 3.1 வோல்ட்தான். கைப்பேசி அந்த அழுத்தத்தில் இயங்க முடியாமல் அணைந்துவிடும். உள்ளே மின்னூட்டம் உண்டு. வெளியே வர வழிதான் குறுகிவிட்டது.

இதே கோளாறு ஒருமுறை உலகச் செய்தியே ஆயிற்று. பழைய ஐஃபோன்கள் இப்படித் திடீரென்று அணைந்ததால், மின்னோட்டம் ஒரேயடியாக ஏறாதபடி ஆப்பிள் நிறுவனம் மென்பொருள் வழியாக அவற்றின் வேகத்தைக் குறைத்தது. உபயோகிப்பவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் விஷயம் வெளியாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைந்தது. 2020-இல் பிரான்ஸ் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. பேட்டரி நலம் எத்தனை சதவிகிதம் என்று ஐஃபோன் தானே காட்டத் தொடங்கியது இந்த அமளிக்குப் பின், 2018 மார்ச்சில்தான். செய்தது தப்பு என்பதைவிட, சொல்லாமல் செய்ததே தப்பு என்பது என் கருத்து.

இனி தேய்மானத்தை அளந்த கதைக்கு வருகிறேன். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் சிறிய யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கினேன். வோல்ட், ஆம்பியர், மில்லி ஆம்பியர்-மணி, வாட்-மணி நான்கையும் அது காட்டும். கைப்பேசி தானே அணையும் வரை சார்ஜை இறக்கி, அணைந்த நிலையிலேயே முழுக்க ஏற்றினேன். 3,230 மில்லி ஆம்பியர்-மணி வந்தது. அச்சிட்டிருப்பது 5,000. ஆகவே 65 சதவிகிதம் என்று நோட்டில் எழுதி, கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு இருந்தேன்.

சரிபார்ப்பதற்காக, வாங்கி ஒரு மாதமே ஆன அதே கொள்ளளவுள்ள நண்பனின் கைப்பேசியை அதன் விரைவு சார்ஜரிலேயே போட்டு அளந்தேன். 2,490 வந்தது! புத்தம் புதுப் பேட்டரி பாதிதானா? நண்பனின் முகம் வாடிவிட்டது. எங்கள் பேராசிரியர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "வோல்ட் எங்கேப்பா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். அங்குதான் பிழை. விரைவு சார்ஜர் 9 வோல்ட்டில் கொடுக்கிறது, சாதாரண சார்ஜர் 5 வோல்ட்டில்; பேட்டரி இருப்பதோ சராசரி 3.85 வோல்ட்டில். அழுத்தம் மாறும் இடத்தில் ஆம்பியர்-மணியை அப்படியே ஒப்பிடுவது, லிட்டரையும் படியையும் கலந்து அளப்பது போலாகும். ஆற்றலைத்தான் ஒப்பிட வேண்டும், அதாவது வாட்-மணியை.

ஆற்றலிலும் ஒரு சிக்கல் உண்டு. 5,000 மில்லி ஆம்பியர்-மணியை 3.85-ஆல் பெருக்கினால் 19.25 வாட்-மணி. சார்ஜ் ஏறும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. இதற்கு நம் மின்னழுத்தமானிச் சோதனையின் தந்திரமே உதவியது: தனியாக அளக்காதே, தெரிந்த ஒன்றோடு ஒப்பிடு. இரண்டு கைப்பேசிகளையும் ஒரே சாதாரண சார்ஜரில், ஒரே கேபிளில், அணைந்த நிலையில் முழுக்க ஏற்றினோம். புதியது 22.4 வாட்-மணி எடுத்தது; என்னுடையது 16.1. இரண்டிலும் இழப்பு ஏறக்குறைய ஒரே விகிதம் என்று கொண்டால் அது வகுத்தலில் போய்விடும். விடை 72 சதவிகிதம். மும்முறை செய்தேன்; ஒன்றிரண்டு சதவிகிதத்துக்கு மேல் மாறவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பணத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்றார் கடைக்காரர். நீண்ட நேரம் பேசிய பின், "சரி தம்பி, பேட்டரிய மாத்தித் தாரேன், காசு வேண்டாம்" என்று இறங்கி வந்தார். 640 என்ற எண்ணைவிட, 22.4-க்கு 16.1 என்ற கணக்கே அவரை இறக்கியது என்று நினைக்கிறேன். எடைக் குறைவு எந்தக் கடைக்காரருக்கும் புரியும் பாஷை. புதிய பேட்டரியை அதே முறையில் அளந்தேன். 20.6 வந்தது. 92 சதவிகிதம். அச்சிட்ட 5,000 அதிலும் முழுதாக இல்லை! ஆயினும் கைப்பேசி அதன்பின் நடுவில் அணையவில்லை. பேட்டரி மாறிய கைப்பேசியில் சுழற்சிக் கணக்கு நம்பத்தக்கதல்ல என்பதையும் அப்போது தெரிந்துகொண்டேன். அந்தக் கணக்கு பேட்டரியைச் சேர்ந்ததா, கைப்பேசியைச் சேர்ந்ததா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகிறது.

முழுக்க இறக்கி ஏற்ற எந்தக் கடையிலும் விடமாட்டார்கள். ஆகவே இதைச் சுருக்கினேன். கைப்பேசி காட்டும் சதவிகிதம் இன்றைய கொள்ளளவில் கணக்கிடப்படுவது. ஆதலால் தேய்ந்த பேட்டரி பத்து சதவிகிதம் ஏறக் குறைந்த ஆற்றலே போதும். புதியதற்கு 2.24 வாட்-மணி, பழைய என் பேட்டரிக்கு 1.6. திரையை அணைத்துவிட்டு, 30-லிருந்து 40 வரை ஏற்றிப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். முழுச் சோதனை அளவுக்குத் துல்லியம் இராது. 72-ஐயும் 90-ஐயும் பிரித்தறிய அது போதும். கடையின் வேறு சார்ஜரில் பார்த்தால் அது 5 வோல்ட்தானா என்று மீட்டரில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் தம் மகளுக்குப் பழைய கைப்பேசி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னை அழைத்துப் போனார். மீட்டரைச் செருகியபோது கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பத்து சதவிகிதத்துக்கு 1.9 வாட்-மணி, அதாவது சுமார் 85. கொள்ளளவு அதே 5,000. விலையில் ஐந்நூறு குறைத்துக் கேட்டோம். முந்நூறு குறைத்தார், வாங்கிவிட்டார் அக்கா. திரும்பும்போது அந்த மீட்டரை ஒரு வாரம் கடனாகக் கேட்டார் கடைக்காரர். இன்னும் திருப்பித் தரவில்லை.